ஓரத்தில் இருந்த பென்சில் வரி

பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்வது என் வேலை. எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்துப் பிடித்து இருபது வருடம் போய்விட்டது. வேலையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: எழுத்து பளிச்சென்று இருக்க வேண்டும், ஃபைல் சின்னதாக இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுப்போம். ஓரங்களை வெட்டுவோம். கறையையும் புள்ளியையும் ஒரே பட்டனைத் தட்டி அழிப்போம்.

எங்கள் கிறிஸ்தவ சபையின் அடக்கப் பதிவேடுகளை நானாகத்தான் கேட்டு வாங்கினேன். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்து இங்கேயே மண்ணுக்குள் போனவர்களுக்கு அந்த ஐந்து புத்தகங்களை விட்டால் வேறு சரித்திரம் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உட்காருவேன். முதல் மூன்று புத்தகங்கள் முடிந்தபோது சபைச் செயலாளர் வந்து நின்றார்.

"இதெல்லாம் கரையான் அரிச்சிப் போயிருக்குதும்மா. இன்னா பண்றது?"

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேங்கய்யா. இனிமே கவலையே இல்ல."

நான் சொன்னதை நம்பித்தான், மற்ற புத்தகங்களுக்கும் கரையான் பரவிவிடும் என்று, சபையார் அந்த மூன்றையும் கொளுத்தினார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சபைக் கோயிலுக்குப் போவதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. அப்பா இறந்த பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. ஒரு நாள் லேப்டாப்பை மடியில் வைத்துப் பக்கங்களை அவளுக்குக் காட்டினேன். பெருமைக்குத்தான்.

"நீ பொறக்கறதுக்கு முந்தின வருஷத்துப் பக்கம் இதுல இருக்குதா?" என்று கேட்டாள்.

எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஓரத்தக் காட்டு."

"ஓரம் இவ்ளோதாம்மா."

"பென்சில்ல ஒரு வரி இருக்கும் பாரு."

"இன்னா வரி?"

கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு சொன்னாள்.

"உனக்கு முந்தி ஒரு பொம்பளப் புள்ள. காலையில பொறந்து மத்தியானமே போயிடுச்சி. போதகரு கோலாருக்குப் போயிருந்தாரு, ஞானஸ்நானம் குடுக்க ஆளில்ல. ஞானஸ்நானம் இல்லாத புள்ளைய புக்ல ஏத்த மாட்டாங்க. புக்கு எழுதற உபதேசியாருக்கு மனசு கேக்கல. ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சாரு."

"அப்பா?"

"சுரங்கத்துக்குள்ள ஷிப்ட்டுல இருந்தாரு. பாத்தா தாங்க மாட்டாருன்னு, ஆளுங்கள ஏத்திக்கினு கேஜு லிப்ட்டு மேல வர்றதுக்குள்ள பொதைச்சிட்டாங்க. அவரு புள்ள மூஞ்சியே பாக்கல. அப்புறம் வருஷா வருஷம் போயி அந்த வரியப் பாத்துட்டு வருவாரு. எனக்குத்தான் ஒருக்கா கூட மனசு வரல. இப்ப பாக்கணும்னு கீது."

எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதை, அவள் இருந்த ஒரே இடத்தை நானே அழித்த பிறகுதான் கேட்டேன்.

"ஆபீஸ்ல பெருசா எடுத்துப் பாக்கறேம்மா" என்று பொய் சொன்னேன். கறுப்பு வெள்ளையில் பென்சில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். மிச்சம் மீதி புள்ளியாக ஏதாவது நின்றிருந்தாலும் கறை என்று துடைத்திருப்பேன். கை வைக்காத முதல் படத்தைத் தனியே வைத்திருக்க வேண்டும். இடம் அடைக்கிறது என்று அதையும் அழித்திருந்தேன். இருந்தும் மறுநாள் பழைய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினேன்.

மூன்றாம் நாள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "ஓரத்துல எழுதுன மத்த புள்ளைங்களும் போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

மற்ற குழந்தைகளைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை.

மிச்சமிருந்த இரண்டு புத்தகங்களை அதற்கப்புறம் கலரில் எடுத்தேன். அட்டை, காலிப் பக்கம், கரையான் தின்ற மூலை, எதையும் விடவில்லை. கிழிந்ததைக் கிழிந்தபடியும் எழுத்துப் பிழையைப் பிழையாகவும் விட்டேன். இரண்டு படிகளை வேறு வேறு வீடுகளில் வைத்தேன். புத்தகங்களைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்து, யாரும் எறியக்கூடாது என்று செயலாளரிடம் எழுதி வாங்கினேன். அவற்றின் ஓரங்களிலும் மெல்லிய பென்சில் வரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு குழந்தை.

எரிந்த புத்தகங்களின் படங்களோடு ஒரு குறிப்பைச் சேர்த்தேன். ஓரத்துப் பென்சில் எழுத்துகள் இந்தப் படங்களில் இல்லை, தவறு ஸ்கேன் செய்தவளுடையது என்று எழுதினேன். அதன் கீழே, தாய் சொன்னபடி, பெண் குழந்தை, அரை நாள் இருந்தாள் என்று சேர்த்தேன்.

அதை அச்செடுத்து அம்மாவிடம் நீட்டினேன். வாங்கி, படிக்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா எழுதியிருப்ப. ஆனா இது உங்கப்பா பாத்த வரி இல்லியே" என்றாள்.