பழசு என்று சொல்ல வேண்டிய தையல் மெஷின்

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய மறு வருஷம் அது. காரைக்காலில் ஒரு சுங்க ஏஜென்டிடம் நான் எழுத்தர். வெளிநாட்டிலிருந்து வரும் சாமான்களுக்குப் பத்திரம் எழுதி, சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை.

பிரெஞ்சுக்காரர் இருந்தவரை எங்களுக்குச் சுங்கம் என்றால் ஊர் எல்லைதான். கடல் வழியாக வருவதைப் பற்றி யாரும் அதிகம் கேட்கமாட்டார்கள். கோட்டுச்சேரியைத் தாண்டி இந்திய எல்லைக்குள் நுழைகிறவன்தான் துணிமூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். கொடி மாறியதும் எல்லைச் சாவடியை எடுத்துவிட்டார்கள். கெடுபிடி கடற்கரைக்கு வந்தது. அதே ஊர், அதே கடல். சட்டம் மட்டும் தலைகீழ். இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியது.

போர் முடிந்தபின் பல தேசங்கள் கூடி, வரியைக் குறைத்து வாணிபத்தைத் திறந்துவிடுவதாக ஒப்பந்தம் செய்திருப்பதைப் பத்திரிகையில் படித்திருந்தேன். இந்தியாவும் அதில் சேர்ந்த நாடுதான். ஆனால் அந்நியச் செலாவணி போதாத நாடு இறக்குமதியைக் கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்றும் அதே ஒப்பந்தத்தில் இருந்தது. எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது அந்தப் பகுதி மட்டும்தான். எதற்கும் லைசென்ஸ், கப்பல் ஏற்றுவதற்கு முன்பே வாங்கிய லைசென்ஸ். ஊர் திரும்புகிறவர் தாம் வெளிநாட்டில் புழங்கிய வீட்டுச் சாமானைக் கொண்டுவந்தால் மட்டும் அது வேண்டாம்.

சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய் அந்த வருஷம் கடையைக் கட்டிவிட்டு ஊர் திரும்பினார். அவருடைய தங்கை கணவனை இழந்தவர்; மாமியாரோடு இருந்தார். தைத்துப் பிழைக்கலாம் என்று அண்ணனிடம் தையல் மெஷின் கேட்டிருந்தார். பாய் கொண்டுவந்தது, தங்கை 'லாத்தா' என்று அழைக்கும் தம் மனைவி அங்கே வருஷக்கணக்காகத் தைத்த மெஷின். அதில் சிக்கலே இல்லை. 'புழங்கிய வீட்டுச் சாமான்' என்று தெளிவாகப் பத்திரம் எழுதினேன். அவரும் தலையாட்டினார்.

சுங்க அலுவலகத்தில் பெட்டியைத் திறந்தார்கள். புதுக் கறுப்பு வர்ணம், அதன்மேல் தங்கக் கோடு, புதுத் தோல் பட்டை, பளபளக்கும் சக்கரம், போதாததற்கு மெஷின் மேசையின் இழுப்பறைக் கைப்பிடியில் சரிகை ரிப்பன்.

"என்ன பாய் இது?" என்று காதோடு கேட்டேன்.

"தங்கச்சி வீட்டுக்குப் போற சீர் கணக்கப்பிள்ளை. பழசாவா அனுப்புவாங்க? கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி கடையில குடுத்து, வர்ணம் பூசிப் புதுசு மாதிரி செஞ்சு வாங்கினேன்."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்குப் பழைய அண்டாவை ஈயம் பூசிக்கூட அனுப்பமாட்டார்கள்; புதுசுதான் போக வேண்டும். ஆனால் அந்த வழக்கத்தைச் சுங்கச் சட்டத்தின் எந்தப் பிரிவில் செருகுவது?

அதிகாரி சென்னையிலிருந்து வந்தவர், சாந்தமான மனிதர். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது புதுசு மாதிரி இருக்கே. லைசென்ஸ் இல்லாம புதுசு வந்தா நான் எடுத்து வச்சுக்கத்தான் வேணும். நீங்களே சொல்லுங்க, புதுசா, பழசா?"

பழசு என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. பாய் வாசலைப் பார்த்தார். அவர் தயங்கிய காரணம் எனக்குப் புரிந்தது. வாசலில் திரை போட்ட குதிரை வண்டி நின்றது. உள்ளே தங்கையும் மாமியாரும். மெஷினை ஏற்றிப்போக அவர்களையே வரச்சொல்லியிருக்கிறார்! பெட்டி பிரிக்காத புது மெஷின் என்று அவர்களுக்குக் கடிதமும் எழுதியிருந்தாராம்.

"சொல்லுங்க பாய்," என்றேன்.

"புதுசுதாங்க," என்றார் அவர் உரக்க.

நான் எழுதிய பத்திரத்துக்கு நேர் எதிராக, என் எதிரிலேயே. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மெஷினைக் கிடங்குக்குத் தூக்கிப்போகச் சொல்லிப் பியூனுக்குச் சைகை காட்டினார்.

அப்போது திரை விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தங்கை நேராக உள்ளே வந்து அண்ணனைக் கேட்டார்.

"நானா, என்ன சொல்றீங்க? உங்க வீட்டு லாத்தா இதுல பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிற போட்டோ எங்கிட்ட இருக்கு. தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"புள்ளே, நீ வண்டிக்குப் போ."

"போனா மெஷின் வருமா? எனக்குத் தைக்கணும் நானா. சொல்லுங்க."

வண்டிக்குள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது. "சைகோன் சீரு பழசாம்ல!"

"உங்களுக்குத் தைக்கிற சட்டையில பழசு தெரியாது மாமி, சும்மா இருங்க," என்றார் தங்கை, திரும்பிப் பார்க்காமலே.

பியூன் சிரித்துவிட்டான். பாய் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"பழசுங்க," என்றார். பிறகு தாமாகவே மெஷின் மேசையின் இழுப்பறையைத் திறந்து, கடையில் பூச விட்டுப்போன உட்பக்கத்தைக் காட்டினார். எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. மூலையில் முறிந்த ஊசிகள். அதிகாரி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

வண்டியில் இடம் போதவில்லை. மெஷினை ஒரு கூலி வண்டியில் ஏற்றினார்கள். சரிகை ரிப்பனைத் தங்கை கழற்றி மடித்து வைத்துக்கொண்டார். தம் வண்டியில் ஏறுமுன் சக்கரத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

நான் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். பாய் திரும்பி வந்தார்.

"கணக்கப்பிள்ளை, வீட்டுக்குக் குடுக்கிற நகல் இருக்கில்ல, அதுல மட்டும் புதுசுன்னு போட்டுத் தர முடியாதா? நாலு பேரு கேப்பாங்க."

இத்தனைக்குப் பிறகும்! முடியாதுங்க என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூலி வண்டிக்குப் பின்னால் நடந்து போனார்.