அக்காவுக்குச் சமைத்த உள்ளான்

கழுவெளிச் சதுப்புநிலத்துக்கு வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே "பூநாரை எங்கே?" என்று கேட்பார்கள், ஓட்டலில் உட்கார்ந்ததும் தோசை கேட்பது போல. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் நான் ஆய்வுக்கூட உதவியாளர். குளிர்காலத்துச் சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பறவை காட்டப் போவேன். கூப்பிட்ட நேரத்துக்குப் பூநாரை வராது. அதுவரை கூட்டத்தைச் சமாளிக்க எனக்குக் கைகொடுப்பது உள்ளான்தான். சேற்றோரமாகக் குடுகுடுவென்று ஓடி, அலகால் குத்திக் குத்திப் புழு பொறுக்கும், கைக்குள் அடங்கிவிடும் பறவை. பனி நாடுகளிலிருந்து இத்தனை தூரம் பறந்து வருகிறது என்றதும் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். "இதைக்கூட ஒரு காலத்தில் இங்கே பிடித்துத் தின்றார்கள்" என்று சேர்த்துக்கொள்வேன். "அடப் பாவமே" என்பார்கள். தின்றோம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

தின்றோம், நன்றாகவே தின்றோம். வானூர்ப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு, இறகு பறித்த உள்ளான்களைக் கூடையில் துணி போட்டு மூடிக்கொண்டு விற்க வருவார்கள். அம்மா மிளகு தட்டிப்போட்டு வறுப்பாள். ஒரு பறவையில் ஒரு வாய்க் கறி தேறினால் பெரிது. அக்கா அதன் நெஞ்சுக்கறியை என் தட்டில் வைத்துவிட்டு, எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பாள். அவள் என்னைவிட ரொம்ப மூத்தவள். என்னை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள்.

அந்த அக்காவுக்குத்தான் இப்போது புற்றுநோய். மாமா இல்லை, மகன் வெளிநாட்டில். அதனால் என் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் அவளுடைய நாக்கு செத்துப்போயிற்று. எதைக் கொடுத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல இருக்கிறது என்று தள்ளிவிடுவாள். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: முட்டை, மீன், கறி என்று எதையாவது சாப்பிட்டு உடம்பில் தெம்பு ஏறினால்தான் அடுத்த மருந்து. மருந்தைத் தள்ளிப்போட்டால் நோய் சும்மா இருக்காது.

நான் கோழிச் சாறு வைத்தேன், நண்டு ரசம் வைத்தேன், கெஞ்சினேன், கடைசியில் கத்தினேன்.

"கத்தாதடி. இன்னா துன்னா எறங்கும்னு எனக்கே தெரியல" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "உள்ளான் கெடைக்குமா?" என்றாள்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"அதெல்லாம் இப்ப புடிக்கக் கூடாதுக்கா. ஜெயில்ல போட்டுடுவாங்க."

"தெரியும். நீதான் வாராவாரம் அங்க போய்க்கினு இருக்கியே. யாரையாவது கேட்டா குடுக்க மாட்டாங்களா? ஒண்ணே ஒண்ணு போதும்."

அவள் என்னிடம் எதையும் கேட்டவளே இல்லை. யாரைக் கேட்டால் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை. இரண்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சனிக்கிழமை கழுத்தில் வழிகாட்டி அட்டையை மாட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், ஞாயிற்றுக்கிழமை அதையே சட்டியில் போடுவதா? கூடப்பிறந்தவள் உயிரைவிட ஒரு குருவி பெரிதா? கடைசியில் கறிக்கடைக்குப் போய் வளர்ப்புக் காடை வாங்கிவந்தேன்.

காடை கொழுகொழுவென்று இருக்கும், உள்ளானோ வற்றல். கால்தான் காட்டிக்கொடுக்கும் என்று முதலில் கால்களை வெட்டி எறிந்தேன். நெஞ்சைச் சின்னச் சின்னதாக நறுக்கினேன். மல்லாட்டை எண்ணெயில், அதுதான் கடலை எண்ணெயில், நிறம் கறுக்கும் வரைக்கும், மிளகை அள்ளிப்போட்டு வறுத்தேன். ஊராருக்குப் பறவையை அடையாளம் காட்டுகிற கை, அன்றைக்கு அடையாளம் தெரியாமல் ஆக்குவதில் மும்முரமாக இருந்தது. "உள்ளான்தான்க்கா, யார்கிட்டயும் சொல்லாத" என்று தட்டை நீட்டினேன்.

சாப்பிட்டாள்! எலும்பை மென்று, விரலைச் சூப்பி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சமையலறைக்குள் போய் அழுதேன். பொய் சொன்ன குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை கழுவெளியில், தொலைநோக்கியில் உள்ளானைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "இப்பவும் யாராவது சாப்பிடறாங்களா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் காடை வறுத்து வைத்தேன். அக்கா தட்டைத் தொடவில்லை.

"வேணாம்டி. நான் காலையில மாதா கோயில்ல சாமியாருகிட்ட பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்."

"எதுக்கு?"

"என் நாக்கு ருசிக்கு உன்ன தப்பு பண்ண வெச்சேனே. நீ அந்தப் பறவைங்களுக்குக் காவல் மாதிரி. யாருனா பார்த்திருந்தா உன் வேலை போயிருக்கும். சாமியாருகிட்ட உன் பேரச் சொல்லல, தங்கச்சின்னு மட்டும்தான் சொன்னேன்."

அவளுக்கு இருப்பது ஒரே தங்கை, அது பங்குச் சாமியாருக்கும் தெரியும். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"அதுக்குப் பரிகாரமா ஈஸ்டர் வரைக்கும் கறி, மீனுன்னு கவிச்சியே கெடையாது. முட்டையும்தான். நோயாளி இப்படி வாயக் கட்டி ஒறுத்தல் இருக்க வேணாம்னு சாமியாரு சொன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை வாரங்களில் அவள் ருசித்துச் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான். அதையும் பொய்யென்று பிடுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏமாற்றியது தெரிந்தால் என்ன நினைப்பாளோ என்ற பயமும் இருந்தது. இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா மறக்கவில்லை. கஞ்சியும் ஊறுகாயுமாக நாளை ஓட்டினாள். மருந்துக்குப் போன அன்று ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இந்த நிலைமையில் ஏற்ற முடியாது என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டாள். தலையில் கனமே இல்லை. நான் சமைத்த பொய் அவள் உடம்பைத் தின்றுகொண்டிருக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அது உள்ளான் இல்லக்கா. காடை. கடையில வாங்கினேன். கால வெட்டிட்டு, கருக வறுத்து உன்ன ஏமாத்தினேன். நீ எந்தப் பாவமும் பண்ணல. எல்லாப் பாவமும் என்னுது. தயவுசெஞ்சு சாப்பிடு."

அக்கா கட்டிலில் உட்கார்ந்து என்னை நிதானமாகப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் பிழைத்திருப்பேன். அவள் சிரித்தாள்.

"காடையா?"

"சத்தியமாக்கா. கடைக்காரரையே கூட்டிக்கினு வர்றேன், கேளு."

"அவருக்கும் சொல்லிக் குடுத்துக் கூட்டிக்கினு வருவ." என் கன்னத்தைத் தட்டினாள். "சின்னப் புள்ளையிலேர்ந்தே உனக்குப் பொய் சொல்ல வராதுடி. மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். அன்னிக்குத் தட்ட நீட்டினப்போ உன் மூஞ்சில பொய் இல்ல. இன்னிக்குப் பாரு, எப்படி முழிக்கிற."

"அக்கா..."

"என்னத் துன்ன வெக்கறதுக்குன்னு இன்னொரு பாவத்தப் பண்ணாத. அதையும் நான்தான் போய்ச் சாமியாருகிட்ட சொல்லணும்."