அப்பா இறங்க முடியாத ஊர்

முதலில் வந்தது ஒரு படம். குன்றின் உச்சியில் மஞ்சள் கல்லில் கட்டிய வீடுகள், நடுவே ஒரு மணிக்கூண்டு, சரிவெங்கும் ஆலிவ் தோப்பு. ஜெர்மனியில் வேலை பார்க்கும் அண்ணன் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "இத்தாலில அமைதியான ஊரு. பத்து நாள் அங்க தங்கி, தினம் ஒரு எடத்துக்குப் போய்ட்டு வரலாம். நீயும் அப்பாவும் வாங்க." சென்னைக்குப் பக்கத்தில் அண்ணனூர் என்ற ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அப்பா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ரயில்வே கார்ஷெட்டில் முப்பத்தைந்து வருடம் மின்ரயில்களுக்கு அடியில் படுத்து வேலை செய்தவர். அம்மா போன பிறகு பூந்தமல்லியைத் தாண்டி எங்கும் போகாதவர். வலது முட்டி தேய்ந்து, கூடத்திலிருந்து கொல்லைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொள்பவர். "இன்னாம்மா, இவ்ளோ சுத்தமா கீது ஊரு" என்றார். மறுநாள் ஆட்டோ பிடித்து கரையான்சாவடிக்குப் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கிவந்தார். ஜூன் மாதத்தில் அங்கே அது தேவையில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊர் படத்தில் இருந்தது போலவே இருந்தது. படத்தில் படிகள் மட்டும் தெரியவில்லை. கார் ஊரைச் சுற்றிய மதிலுக்கு வெளியே நிற்க வேண்டும். அங்கிருந்து நாங்கள் எடுத்திருந்த வீட்டுக்கு நூற்றெண்பது படி. அண்ணனும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி அப்பாவை ஏற்றினோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே அண்ணன் சொன்னான்: "அப்பாவால எறங்கி ஏற முடியாது. குட்டிக்கும் கார்ல போனா வாந்தி. ரெண்டு பேரும் ஊட்லயே இருக்கட்டும்." குட்டி அவனுடைய இரண்டு வயது மகன். அண்ணி பால்பொடியையும் டயப்பரையும் மேசையில் எடுத்து வைத்தாள். நாங்கள் மூவரும் புளோரன்ஸ் போனோம். அடுத்த நாள் வேறொரு ஊர். காரில் ஏறும்போது நிமிர்ந்து பார்த்தால் மேலே ஜன்னலில் அப்பா தெரிவார், பேரனின் கையைப் பிடித்து எங்களுக்கு ஆட்டிக்காட்டியபடி.

மூன்றாம் நாள் சாயங்காலம் மொட்டைமாடிக் கதவருகே நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அண்ணன் வெளியே நின்று நண்பன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "மச்சான், அப்பா அம்மாவக் கூட்டினு வந்தா இந்த மாதிரி மலையூராப் பாத்துப் புடி. அவங்களால எங்கயும் எறங்க முடியாது. கொழந்தைய வுட்டுட்டு நிம்மதியா சுத்தலாம். எத்தினி படின்னு கேட்டுட்டுத்தான் நான் புக் பண்ணேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். என் கையிலிருந்தது அப்பாவின் வேட்டி. அதை உதறிக் கொடியில் போட்டேன். ஆனால் இன்று நினைக்கும்போது அவன் சொன்னதைவிட எனக்கு அதிகமாகக் குமட்டலைத் தருவது மறுநாள் காலை நான் செய்த காரியம். அண்ணனூரிலிருந்து அம்பத்தூருக்குப் பன்னிரண்டு வருடமாக மின்ரயிலில் நசுங்கி வேலைக்குப் போய்வருகிறவள் நான். இப்படி ஒரு பயணம் இனி எனக்கு வாய்க்காது என்று நினைத்தேன். "இன்னிக்குக் கடலுக்குப் போறோம்" என்றான் அண்ணன். எதுவும் காதில் விழாதவள்போலப் போய்க் காரில் ஏறினேன்.

கடலோரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேசைமேல் என் போன் அதிர்ந்தது. அப்பா. "பால்பொடி எங்கன்னு கேப்பாரு, வுடு" என்றான் அண்ணன். விட்டேன். அது அதிர்ந்து அதிர்ந்து மேசையில் நகர்ந்தது; கவிழ்த்துப் பையில் போட்டேன். எட்டு முறை கூப்பிட்டிருக்கிறார்.

திரும்பி வந்து காரை நிறுத்தும்போது, மதில் வாசலில் இருந்த மருந்துக்கடைக்குள் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். வேட்டி பின்பக்கம் கிழிந்து அழுக்காகியிருந்தது. முட்டி பலாக்காய்போல வீங்கியிருந்தது. கடைக்காரப் பெண்ணின் தோளில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தான். மதியம் காய்ச்சல் ஏறி அவனுக்கு வலிப்பு வந்திருக்கிறது. நாங்கள் போனை எடுக்கவில்லை. கத்திக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அமைதியான ஊர், யாரும் வரவில்லை. பிள்ளையை நெஞ்சோடு வேட்டித் துண்டால் கட்டிக்கொண்டு, நூற்றெண்பது படியையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறார். அந்தப் பெண்தான் ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்திருக்கிறாள்.

அண்ணி குழந்தையை வாங்கிக்கொண்டு அழுதாள். அண்ணன் அப்பாவைப் பார்த்து, "இந்தக் காலோட கொழந்தையத் தூக்கினு எறங்குனியே, வுழுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று அந்தப் பெண் முன்னாலேயே கத்தினான்.

"நீ மாடில பேசுனத நான் கேட்டேன். படிய எண்ணி ஊரு புடிச்சவன்தானே நீ?" என்றேன். அண்ணி தலைநிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கடைக்காரப் பெண்ணுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "வுடும்மா. வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். பேரன்கூடப் பத்து நாள் இருக்கலாமேன்னுதான் கம்முனு இருந்தேன்."

அண்ணன் குன்றிப்போவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகம் தெளிந்தது. "பாத்தியா, அப்பாவே சொல்லிட்டாரு. நீதான் பெருசு பண்ற" என்றான். மனிதன்மேல் எனக்கு வந்த அருவருப்புகளில் அதற்கு இணையாக இன்னொன்று கிடையாது. கூடப் பிறந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன் என்பதெல்லாம் அதைக் கூட்டியதே தவிர குறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, காய்ச்சல் விட்டதும், ரோமுக்குப் போகலாம் என்று சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். அண்ணி போகவில்லை. நானும் போகவில்லை. அவன் தனியாகப் போய்ப் படங்கள் எடுத்துவந்தான். 'குடும்பத்தோடு இத்தாலி' என்று எழுதி அவற்றைப் போட்டான். கரையான்சாவடியிலிருந்து முத்தாபுதுப்பேட்டைவரை உள்ள சொந்தக்காரர்கள் எல்லாரும் அதற்கு இதயம் போட்டார்கள்.

போன வாரம் அவனிடமிருந்து மறுபடி போன். இந்த முறை ஸ்விட்சர்லாந்தாம். இதே மாதிரி மலைமேல் அமைதியான ஊராம். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் குட்டி "தாத்தா" என்று கூப்பிட்டது எனக்கும் கேட்டது. "சரி நைனா, வர்றேன்" என்றார். போனை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், பாஸ்போர்ட்டை எடுத்துவைக்கச் சொன்னார்.

எடுத்துவைத்தேன். அலுவலகத்தில் லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை காரில் ஏறுவதற்கு அல்ல.