மாப்பிள்ளை வண்டிக்கு மாற்றிய ஜெட்

மலைமேல் இருக்கும் சோளக்காடு ஊரின் மெக்கானிக் சின்னுசாமிக்குக் கோபம் வந்தால் பரவாயில்லை, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அடங்கிவிடும். பெருமை வந்துவிட்டால்தான் கஷ்டம். அது லேசில் இறங்காது.

பெருமைப்பட அவரிடம் விஷயம் இல்லாமலும் இல்லை. இள வயதில் ராசிபுரத்தில் ஒரு பட்டறையில் கிரீஸ் துடைத்துத் தொழில் கற்றவர். பிறகு மலைக்கே திரும்பி, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தகரம் வேய்ந்து ஒரு கடை போட்டார். அதுவரை வண்டி நின்றுபோனால் லாரியில் ஏற்றி அடிவாரத்துக்குக் கொண்டுபோன ஜனங்கள் அவரைத் தெய்வம் மாதிரி பார்த்தார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்தே ஆளைக் கெடுத்துவிட்டார்கள் என்பது என் கட்சி. அவர் மனைவி மயிலம்மாளுக்கு மட்டும் அந்தப் பாவத்தில் பங்கில்லை. மிளகுக் கொடியையும் மரவள்ளிக் காட்டையும் ஒண்டியாகப் பார்க்கும் அந்த அம்மாளுக்குப் புருஷனைப் புகழ நேரம் கிடைத்ததே இல்லை.

ஒரே மகள் கீர்த்தனாவை அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை யுவராஜின் குடும்பமும் ஒரு காலத்தில் மலையிலிருந்து இறங்கிப் போனதுதான். யுவராஜ் கொத்தனார். வாய் பேசாத பையன். அவன் ஆசைப்பட்டு வைத்திருந்தது ஒரு பழைய பைக். அடிவாரத்து மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, புகையைத் தடையில்லாமல் தள்ளுகிற சைலன்சரும், காற்றைத் தாராளமாக இழுக்கிற ஏர் பில்டரும் மாட்டினான். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டுமல்லவா? அதனால் அந்த மெக்கானிக் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட்டையும் மாற்றிக் கொடுத்தார். ஜெட் என்பது வேறொன்றுமில்லை, பெட்ரோல் புகுந்து வருவதற்குத் துளை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு. பழையதைவிடப் பெரிய துளை உள்ளதாகப் பார்த்துப் போட்டார்.

போன தை மாதம் புருஷனும் பெண்டாட்டியும் அந்த வண்டியில் மலையேறி வந்தார்கள். பாதி வளைவு தாண்டுவதற்குள் வண்டி இருமத் தொடங்கிவிட்டது. கடை வாசலில் வந்து நின்றபோது பின்னால் ஒரே கரும்புகை. சின்னுசாமி பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அடுப்புக்கரி தோற்றது.

"எவன் பாத்த வேலைங்க மாப்ள இது? பெட்ரோல ஊத்து ஊத்துன்னு ஊத்த உட்டிருக்கறான்!"

டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆள் கூடினால் சின்னுசாமிக்குக் கை இன்னும் வேகமாக ஓடும். பெரிய ஜெட்டைக் கழற்றிக் கழிவு டப்பாவில் வீசினார். தன்னிடம் இருந்த சின்ன ஜெட் ஒன்றைத் தேடி எடுத்தார்.

யுவராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மாமா, மேல காத்து கொஞ்சம் லேசாமுங்க. மலையேறுனா கரும்புக வரும், எறங்குனாச் சரியாயிரும்னு அந்த மெக்கானிக் சொன்னாருங்க. வண்டி கீழதான ஓடப் போவுது, பழைய ஜெட்டே இருக்கட்டுங்களா?"

அவன் கேட்டது அவ்வளவுதான். சின்னுசாமி நிமிர்ந்து, அவனைப் பார்க்காமல் வேடிக்கை பார்ப்பவர்களைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"ஏனுங்க மாப்ள, கொத்து வேலைக்குப் போறவரு எனக்குப் பாடம் எடுக்கறீங்களா? செங்கல் புடிக்கற கையில ஸ்பேனர் நிக்காதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். யுவராஜும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டான். கீர்த்தனா தண்ணீர் குடிக்கிற சாக்கில் கடைக்குள்ளே போய்விட்டாள்.

சின்ன ஜெட்டோடு வண்டி, மலைமேலேயே இருக்கும் செம்மேடு வரை போய்வந்தது. இருமல் இல்லை, புகை இல்லை. மலையில் அது சரிதான். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகள் மேலேயும் கீழேயும் பெரிய வித்தியாசமில்லாமல் ஓடிவிடும். சின்னுசாமி ஆயுசில் பார்த்ததெல்லாம் அந்த மாதிரி வண்டிகளைத்தான். அவருக்குத் தெரியாமல் போனதை நான் குற்றம் சொல்லமாட்டேன். தெரிந்து வந்து சொன்னவன் வாயை அடைத்தாரே, அதைத்தான் சொல்கிறேன்.

இறங்கிப் போன மறுவாரம், ராசிபுரம் ரோட்டில் இருவரும் போய்க்கொண்டிருந்தபோது வண்டி விழுந்தது. கீழே காற்று அடர்த்தி, ஜெட்டோ சின்னது. பெட்ரோல் போதாமல் என்ஜின் கொதித்து, பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ள, ஓடும் வண்டியில் பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. யுவராஜுக்குச் சிராய்ப்பு. கீர்த்தனாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மலைக்குப் போனில் வந்த செய்தி, வண்டி வழுக்கிவிட்டது என்பது மட்டும்தான்.

சின்னுசாமியும் மயிலம்மாளும் பஸ் பிடித்து முள்ளுக்குறிச்சிக்கு ஓடினார்கள். மகளுடைய மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் வெளியே வந்தார். வாசலில் பைக் நின்றது. மெக்கானிக் கை சும்மா இருக்குமா? பிளக்கைக் கழற்றினார். சுண்ணாம்பாக வெளுத்து, நுனி உருகியிருந்தது. ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று திருடனைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதை மறுபடி மாட்டினார்.

உள்ளே சம்பந்தியம்மாள் பாப்பாயி மகனைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"உன்னைய யாருடா பறக்கச் சொன்னது? பொண்டாட்டி பின்னால உக்காந்திருக்கறாளேன்னு நெனப்பு வேண்டாமா? ஊரே காறித் துப்புது. அந்த எழவெடுத்த வண்டிய இரும்புக் கடையில போடுறேனா இல்லையா பாரு!"

யுவராஜ் வாயைத் திறக்கவில்லை. சின்னுசாமிக்கு மட்டும் இலை போட்டு, நாட்டுக்கோழி அடித்த குழம்பு ஊற்றி, அண்ணா அண்ணா என்று பாப்பாயி உபசரித்தாள். சொல்லிவிட்டால் மெக்கானிக் என்ற பேர் போகும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை, பெண்டாட்டி கையை உடைத்தவனாகவே ஊரில் நடமாடுவான். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். வெட்கத்தில் அவருக்குக் காதெல்லாம் சுட்டது.

"தப்பு மாப்ள மேல இல்லீங்க, தங்கச்சி. வண்டியில நாந்தான் கை வெச்சேன்" என்றார் ஒருவழியாக.

பாப்பாயி உருகிப்போனாள். "அண்ணனுக்கு எத்தன பெரிய மனசு பாத்தயாடா? உன்னைய உட்டுக்குடுக்கக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கறாரு. இன்னுங் கொஞ்சம் கறி வெச்சுக்கங்கண்ணா."

ஒரு தொடைக்கறி இலையில் விழுந்தது. உண்மையையும் சொன்னதாயிற்று, பேரும் போகவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு வழி திறக்கும் என்று சின்னுசாமி நினைக்கவில்லை. திறந்த வழியில் நுழையவும் செய்தார். கறியைப் பிட்டு ஒரு வாய் வைத்தார்.

எதிரில் மயிலம்மாள் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கீர்த்தனா வாயைத் திறக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னுசாமி கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"பெரிய மனசெல்லாம் இல்லீங்க. சின்ன ஜெட்டப் போட்டது நானு. அதுலதான் என்ஜின் புடிச்சுப் போச்சு. வேண்டாமுங்க மாமான்னு இவரு சொன்னாரு. செங்கல் புடிக்கற கையில ஸ்பேனர் நிக்காதுன்னு நாலு பேரு முன்னால நான் கேவலமாப் பேசுனேன். பேசிட்டுச் சிரிச்சேன்."

பாப்பாயி கறிச்சட்டியோடு நின்றுவிட்டாள். அப்புறம் மகன் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"ஏன்டா, வாயில வந்ததெல்லாம் பேசுனேனே. ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"அவருக்கு அதாம்மா பொழப்பு. நான் சொன்னா பேரு கெட்டுப் போயிருமில்ல" என்றான் யுவராஜ்.

பாப்பாயி மகனுக்கு ஒரு இலை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். சின்னுசாமியிடம் கறி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கீர்த்தனா சொன்னாள்: "நீ சொல்லாமயே எந்திரிச்சுருவயோன்னு பயந்துட்டேம்ப்பா."

"எனக்கும் அதே பயந்தான் கண்ணு" என்றார் சின்னுசாமி, தலையைத் தூக்காமல்.