என் காதில் விழுந்த வெடிகள்

மேஸ்திரி, டிராக்டர்காரர், கல் உடைக்கும் புருஷன் பெண்டாட்டி, நான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழியின் மேலே நின்றோம். எட்டுத் துளைகளில் வெடிமருந்து வைத்திருந்தார்கள். ஒன்று வெடிக்காமல் கிடந்தாலும் உயிருக்கு ஆபத்து என்பதால், வெடிச்சத்தத்தை எண்ணிவிட்டுத்தான் இறங்குவோம்.

“எட்டும் வெடிச்சிருச்சு, இறங்குங்க” என்றார் மேஸ்திரி. மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

“ஏழுதாங்க கேட்டுச்சு” என்றேன்.

“ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும். ஒனக்கு மட்டும் தனிக் காதா?”

“ஆமாங்க. நான் இறங்கல.” உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்சம் பொறுத்து அந்தப் பெண்ணும் உட்கார்ந்தாள். “எனக்கும் ஏழுதாண்ணே.”

அன்று யாரும் இறங்கவில்லை. மறுநாள் எனக்கு மட்டும் வேலை இல்லை.

பிறகு சேர்ந்த ஆலையில் ஒரு மனநல டாக்டர் வகுப்பெடுத்தார். தலைவர் சொல்லி நாலு பேர் ஆமோதித்தால் மூளை தன் காதையே நம்பாதாம். ஒருவர் மறுத்தால் மற்றவருக்கும் பேச வாய் வருமாம்.

யார் கேட்டாலும் என் கணக்கு மாறாது. ஏழு.