நான் போகாத நல்ல காப்பி கிளப்

தூத்துக்குடியில் நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், கடற்கரைச் சாலையில் இருக்கும் காப்பி கிளப்பைத்தான் சொல்வேன். நான் அங்கே போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல் ஒருவர் என் பத்திரிகைக்குத் துறைமுகச் செய்திகள் தருவார், நல்ல நண்பர். ஒரு நாள் அவரை அந்தக் கிளப்புக்கு அழைத்துப் போனேன். உள்ளறை வாசலில் ‘பிராமணர்களுக்கு மட்டும்’ என்று பலகை தொங்கியது. நான் பிராமணன், அவர் கடற்கரைக் கத்தோலிக்கர்.

“நீங்க உள்ளே வாங்கோ. அவருக்கு வெளிப் பெஞ்சில கொடுக்கச் சொல்றேன்” என்றார் முதலாளி.

“போங்க சாமி, வெளிய இருந்தா எனக்குக் காத்தாவது வரும்” என்றார் தண்டல். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

நான் உள்ளே போகவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு, தோணித்துறைப் பக்கம் இருந்த கருப்பட்டிக் காப்பிக் கடைக்கு நடந்தேன். எங்கே உட்காரலாம் என்று கேட்டேன்.

“இங்கன உள்ளயும் கிடையாது, வெளியவும் கிடையாது சாமி. கூரையே பாதிதான் இருக்கு” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடித்தோம். காப்பியில் புகை வாசனை அடித்தது.

சில வாரங்கள் கழித்துக் கிளப் முதலாளி என்னை வழியில் நிறுத்தி, “ஏன் வரதே இல்லை?” என்று கேட்டார்.

“பலகையை எடுங்கோ, ரெண்டு பேருமா வரோம்” என்றேன்.

அவர் எடுக்கவில்லை. நான் புகை வாசனைக்குப் பழகிக்கொண்டேன்.