சிரிக்காத முகத்துக்கு உள்ளே

என் மனைவி மலர்விழிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போய்விட்டது. டாக்டரா என்பார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவள்தான், ஆனால் மருந்து எழுதித் தரும் டாக்டர் இல்லை. இதைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் ஒருவரும் நம்புவதில்லை. லிஃப்டில் மாட்டினால் போதும், கழுத்துவலி, தூக்கமின்மை, மகனுக்குப் படிப்பு ஏறாதது எல்லாவற்றுக்கும் அவளிடம் வைத்தியம் கேட்பார்கள். அவளும் நின்று பொறுமையாகக் கேட்பாள். நான் பாசார் சந்தையில் வாங்கிய மீன் பையோடு பக்கத்தில் நிற்பேன். வீடு வீடாகப் போய் ஏர்கோன் குளிர்சாதனம் பழுது பார்க்கும் என்னிடம் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

அவள் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்தில் மூளையைப் படம் பிடிக்கிறாள். மூளையில் டோபமின் என்று ஒன்று ஊறுகிறதாம். நடக்க, கை நீட்ட, பிடித்தவரைக் கண்டு மனம் துள்ள, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அது வந்து உட்காருவதற்கென்றே மூளையில் இடங்கள் உண்டு. ஏற்பிகள் என்று பெயர். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்கு விளக்கினாள். பந்தியில் வீட்டார் உட்கார்ந்துவிட்டால் வெளியாள் நிற்கத்தான் வேண்டும். அவள் கதிர்வீசும் மருந்து ஒன்றை அந்த வெளியாளாக ரத்தத்தில் அனுப்புவாள். அவனுக்கு நிறைய இடம் கிடைத்தால் டோபமின் குறைவு. இடம் கிடைக்காமல் அவன் நின்றால், உள்ளே டோபமின் பொங்கியிருக்கிறது என்று பொருள். ஸ்கேன் படத்தில் அது நிறமாகத் தெரியும்.

இந்த வேலையில் அவள் உயிரைக் கொடுப்பதற்குக் காரணம் என் மாமனார் வேலாயுதம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் வந்து எங்களோடு இருந்தார். கை நடுங்கியதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். முகம் போனதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த நோய் முகத்தை இறுக்கிவிடும். சிரிப்பு வராது, கோபமும் வராது. மலர்விழி சாயங்காலமானால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆராய்ச்சிக்கூடத்தில் யாரோடு சண்டை, கெம்புங் மீன் என்ன விலை, நான் என்ன உளறினேன் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். அவர் சுவரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்ப்பார். அப்படியே ஒருநாள் போய்விட்டார்.

கருமாதி முடிந்து வந்தவர்கள் கிளம்பிய பிறகு, "நான் பேசினதெல்லாம் அப்பாவுக்கு உள்ள போச்சாங்க?" என்று கேட்டாள். போகாமலா என்றேன். அவள் நம்பவில்லை. புருஷன் சொல்வதை நம்புகிற ஆளாக இருந்தால் ஆராய்ச்சிக்கு ஏன் போகிறாள்?

அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாள். பார்க்கின்சன் நோயாளிகளை இரண்டு முறை ஸ்கேன் எடுப்பது. முதல் முறை சும்மா, இரண்டாம் முறை காதில் அவர்களுக்கு நெருங்கியவர் பேசிய குரல். குரலைக் கேட்டு டோபமின் ஊறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆள் ஆளாக வந்து போனார்கள். படத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பணம் தரும் குழு கையை விரிக்கப் பார்த்தது.

அப்போதுதான் கிள்ளான் ஊரிலிருந்து நாகையா வந்தார். முன்னாள் பஸ் டிரைவர். என் மாமனாரைப்போலவே அசையாத முகம். காதில் அவர் மனைவி பவுனம்மாளின் குரலைப் போட்டு எடுத்த இரண்டாவது ஸ்கேனில், வெளியாளுக்கு உட்கார இடமே இல்லை. அன்றைக்கு மலர்விழிக்குச் சோறு இறங்கவில்லை. "உள்ள போகுதுங்க" என்றாள். சிரித்தாள், உடனே அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. இந்த ஒரு படம் போதும், ஆராய்ச்சி நிற்காது என்று அவளுடைய பேராசிரியரே சொல்லிவிட்டார்.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. பவுனம்மாளின் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். புருஷனுக்குப் பிடித்ததாக ஏதாவது பேசுங்கள் என்றுதான் எல்லா மனைவிகளிடமும் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். பவுனம்மாள் திட்டியிருந்தார்: "பாதி கஞ்சிய வச்சிடாதீங்க. கலக்கி அடி வரைக்கும் குடிங்க. அடியிலதான் எல்லாம் நிக்குது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மலர்விழி சிரிக்கவில்லை.

"அடியில என்ன நிக்குது?" என்றாள்.

நன்றாக வந்த ரிசல்ட்டை யாராவது நோண்டுவார்களா என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் அப்படிப் பார்த்தால் நான் கார் சாவியை எடுத்துவிடுவது வழக்கம்.

கிள்ளானில் லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் அவர்கள் வீடு. பவுனம்மாள் தேநீர் கொடுத்தார். நாகையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மலர்விழி சுற்றி வளைக்காமல் கஞ்சியைப் பற்றிக் கேட்டாள். வெறும் கேழ்வரகுதான் என்று முதலில் சாதித்த பவுனம்மாள், பிறகு எங்கள் இருவரையும் அடுப்படிக்கு அழைத்துப்போய், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய மைலோ டின்னை எடுத்தார். உள்ளே பூனைக்காலி விதைப் பொடி. முதல் ஸ்கேன் படத்தைப் பார்த்துப் பயந்துபோய், நாட்டு மருந்துக் கடையில் வாங்கினாராம். புருஷனுக்கு நாட்டு மருந்து என்றாலே ஆகாது என்பதால், அவருக்குத் தெரியாமல் கஞ்சியில் கலக்கியிருக்கிறார்.

"ஸ்கேன் அன்னைக்கு ஒண்ணும் சாப்பிடாம, மருந்து எடுக்காம வரணும்னு சொன்னேனே ஆன்டி?"

"சாப்பிடல டாக்டர். மாத்திரைகூடக் குடுக்கல. வெறும் கஞ்சிதான் குடுத்தேன்."

நம் வீடுகளில் கஞ்சியை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்தார்கள்? என் அம்மாவும் ஒரு பருக்கை தொடவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் விரத நாளில் செம்பு நிறையக் கஞ்சி குடிப்பார். பவுனம்மாள் பொய் சொல்லவில்லை.

மலர்விழி டின்னைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பூனைக்காலி விதையில் இருக்கும் சரக்கு உடம்புக்குள் போய் டோபமினாக மாறும். ஆஸ்பத்திரி மாத்திரையில் இருப்பதும் அதேதான். பந்தியை நிரப்பியது பவுனம்மாளின் குரல் இல்லை, பொடி. அவள் முகத்தைப் பார்த்தே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்பாவுக்கு உள்ளே போனது என்று கிடைத்த ஒரே சாட்சியும் அந்த டின்னோடு போயிற்று.

"நான் அவருக்குக் கெடுதல் பண்ணிட்டேனா?" என்று பவுனம்மாள் கேட்டார்.

மலர்விழி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இது விஷம் இல்லை, ஆனால் மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறிவிடும், அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை காத்திருக்காமல் இப்போதே அவருடைய டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றாள். அங்கேயே போனில் கூப்பிட்டும் பேசினாள். தன் படம் பாழானதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாங்கள் கூடத்துக்கு வந்தபோது நாகையா பேசினார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"எனக்குத் தெரியும் பவுனு. மொத நாளே தெரியும். கசக்குமே."

"தெரிஞ்சா ஏன் குடிச்சீங்க?"

"குடிச்சு முடிக்கற வரைக்கும் நீ பக்கத்துலயே நிப்ப. அதுக்குத்தான்."

முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. பவுனம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைக் கொஞ்சம் சிரித்துச் சொன்னால் குறைந்தா போவீர்கள் என்று திட்டினார்.

மலர்விழி நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். என் மாமனாருக்குப் பக்கத்தில் உட்காருவாளே, அதே மாதிரி.

"நாங்க பேசறது உள்ள வருதா அங்கிள்?"

அவர் கண்ணை மட்டும் மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

"எல்லாம் வருது மா," என்றார். "முகம்தான் வரமாட்டேங்குது. நாங்க சிரிக்கலன்னு நீங்க பேச்ச நிறுத்திடாதீங்க லா."

திரும்பி வரும்போது அவள் ஷா ஆலம் வரைக்கும் அழுதாள். நான் ரேடியோவைப் போடவில்லை.

திங்கட்கிழமை நாகையாவின் படத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டாள். பேராசிரியர் முகம் சுளித்துச் சண்டை பிடித்தாராம். பணம் தொடருமா என்பது இன்னும் தெரியவில்லை. ஒரு மனிதர் வாயால் சொன்னது கணக்கில் சேராது, அதைப் படமாகக் காட்டினால்தான் சேரும் என்று எனக்கே பாடம் நடத்தினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கப்போகிறாள். ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் இனி கஞ்சி, கூழ், கஷாயம், பொடி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பாளாம்.

அன்று சாயங்காலம் நாற்காலியை இழுத்து அப்பாவின் புகைப்படத்துக்கு எதிரே போட்டுக்கொண்டாள். அவர் போனபின் அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேராசிரியரோடு நடந்த சண்டை, மீன் விலை, கிள்ளானுக்குக் கிளம்பும்முன் நான் கத்தியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ரயில்வே சட்டையில் இருந்த அவர் முகம் எப்போதும்போல அசையவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தாமல் கதையை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தாள்.